பின்சக்கர அதிர்வு தாங்கியை வீட்டிலேயே மாற்றுதல்

(தோட்ட மண்டபமொன்றில் ஞாயிறு மாலை நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மண்டபத்திற்குள் நுழைவதற்கு முன்னர், வெளியே வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணிப் பார்த்தோம். நாற்பதுக்குக் குறையவில்லை. அவற்றுள் ஆறு வண்டிகளின் இருக்கையை மட்டும் இரு கைகளாலும் அழுத்திவிட்டுப் பார்த்தோம். நான்கு வண்டிகள் அமுங்கி எழுந்து அமைதியாக நின்றன. இரண்டு வண்டிகளோ தொட்டில் ஆடுவதைப் போல் மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடின. அவ்விரண்டும் எவருடையவை என்று இங்குக் கேட்கப் போவதில்லை. கூட்டம் கலைந்ததும் உரியவர்களே தங்கள் வண்டிகளை அழுத்திப் பார்த்து அறிந்துகொள்வார்கள். அவர்களுக்காகவே இன்றைய பேச்சு.

பால் வெட்டுக்கும் வெளிக்காட்டு வேலைக்கும் நம் முன்னோர் கால்நடையாகவே சென்றனர். பின்னர் சைக்கிள் வந்தது. அதன் பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப் என்னும் சிறு வண்டியின் வழிவந்தவைதாம் இன்று நாம் 'கப்சாய்' என்று அழைக்கும் வண்டிகள் யாவும். நம் நாட்டிலேயே, கெடா மாநிலத்துக் குருணில், மொடேனாஸ் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு முதல் கிரிஸ் வண்டியை உருவாக்கி வெளியிட்டது. இன்று பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், மருத்துவமனைக்குத் தாயாரை அழைத்துச் செல்வதும், எரிவாயுக் கலனைக் கட்டிக்கொண்டு வருவதும் இவ்வண்டிகளே. ஆனால் இவை தார்ச் சாலையை எண்ணிச் செய்யப்பெற்றவை. நம் தோட்டத்துச் சடக்கோ மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி, எக்காலத்திலும் பள்ளம். அப்பள்ளங்களின் அடியையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்வது பின்சக்கரத்தின் இருபுறமும் நிற்கும் அதிர்வு தாங்கிகளே. பட்டறைகளில் இதனை 'அப்சோபர்' என்பர்.

அதிர்வு தாங்கி செய்யும் பணி

காண்டா கட்டித் தோளில் பால் வாளிகளைச் சுமந்த பெரியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மேட்டிலும் பள்ளத்திலும் பால் சிந்தாமல் நடப்பதன் இரகசியம் என்ன? முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தால் பால் தளும்பிவிடும். முழங்காலைச் சற்றே மடக்கி, அடியின் வேகத்தைக் காலிலேயே வாங்கிக்கொண்டு நடப்பீர்கள். வண்டிக்கு அத்தகைய முழங்கால்தான் அதிர்வு தாங்கி.

அதனுள் இரண்டு பொருள்கள் உள்ளன. வெளியே தெரிவது சுருள்வில். அது சுமையைத் தாங்கும், பள்ளத்தில் அமுங்கும், மீண்டும் எழும். ஆனால் சுருள்வில் தானாக நிற்க அறியாது, விட்டால் ஆடிக்கொண்டேயிருக்கும். அதனை அடக்குவது உள்ளே மறைந்துள்ள குழாய். அக்குழாயில் எண்ணெய் நிரம்பியிருக்கும். ஓர் உந்துதண்டின் முனையில் சிறு துளைகள் உண்டு. தண்டு ஏறி இறங்கும்பொழுது எண்ணெய் அத்துளைகளின் வழியே புகுந்து செல்ல வேண்டும். தாய்மார்கள் இடியாப்ப உரலை நினைத்துப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் மாவு இறங்கும். விரைந்து அழுத்தினால் உரல் கையை எதிர்க்கும். அந்த எதிர்ப்புத்தான் வண்டியின் ஆட்டத்தை அடக்குகிறது. ஆட்டத்தின் வேகம் எண்ணெயில் சூடாக மாறி மறைகிறது.

எண்ணெய் கசிந்து போய்விட்டால் சுருள்வில் மட்டுமே எஞ்சும். அப்பொழுது பள்ளத்தில் இறங்கி எழும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்திற்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? வளைவில் திரும்பும்பொழுது அச்சக்கரம் எதனைப் பற்றிக்கொள்ளும்? இதனை வெறும் சொகுசுக்குரிய பொருள் என்று எண்ணுவது பெரும் பிழை. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதனை நாம் மறத்தலாகாது.

நம் கையால் நேர்ந்த தவறு

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் கூறிவிடுகிறோம். நாம் இளைஞராக இருந்த காலத்தில், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்ற பெருமை நமக்கு மிகுதியாக இருந்தது. பால் வெட்டும் தொழில் செய்த நம் தமையனாரின் வண்டியில் இடப்புறத்து அதிர்வு தாங்கி எண்ணெய் கசிந்து கெட்டுவிட்டது. இரண்டையும் புதிதாக வாங்கினால் செலவு மிகும் என்று எண்ணி, பட்டணத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றை மட்டும் வாங்கி வந்தோம். கண்ணளவில் இரண்டும் ஒன்று போலவே தோன்றின. அளந்து பார்க்கவில்லை.

பூட்டும்பொழுது துளை சரியாகப் பொருந்தவில்லை. வாங்கி வந்தது ஒரு விரற்கடை நீளம் கூடுதல். அப்பொழுதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நாமோ சக்கரத்தைக் கம்பியால் நெம்பி, வலிந்து பூட்டி, நட்டை இறுக்கிவிட்டோம். வண்டி நின்றது, நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்குச் செல்லும் வழியில் மகளைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றிவிட எண்ணிப் பின்னால் அமர்த்திக்கொண்டு தமையனார் புறப்பட்டார். பாலத்தருகே உள்ள வளைவில் பிரேக் பிடித்தபொழுது வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாக இழுத்துச் சாய்ந்தது. இருவரும் விழுந்தனர். குழந்தைக்கு முழங்காலில் காயம். தமையனாருக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது. பால் கத்தி பிடிக்கும் கை அது. இரண்டு மாதம் அவர் காட்டுக்குச் செல்லவில்லை. அந்த இரண்டு மாதமும் அண்ணியாரின் ஒற்றைச் சம்பளத்தில் ஆறு பேர் உண்டனர்.

வண்டி செய்தவர் மீது குற்றமில்லை. இரும்புக் கடைக்காரர் மீதும் குற்றமில்லை. அவர் நம்மை வலிந்து வாங்கச் சொல்லவில்லை. குற்றம் நம்முடையதே. மிச்சம் பிடித்த சில வெள்ளிக்காக ஒரு குடும்பத்தின் இரண்டு மாதக் கூலியை இழந்தோம். தமையனார் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. கட்டுப் போட்ட கையுடன் அமர்ந்து, "அடுத்த தடவை அளந்து பார் தம்பி" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்க வந்தோம்.

கெட்டுவிட்டதை அறிவது எவ்வாறு?

முதலாவது, இருக்கையை அழுத்திவிட்டுப் பாருங்கள். வண்டி ஒரு முறை எழுந்து நிலைபெற வேண்டும். மேலும் மேலும் ஆடினால் எண்ணெய்க் குழாய் செயலிழந்துவிட்டது.

இரண்டாவது, குழாயையும் தண்டையும் துணியால் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிய பின்னர் மீண்டும் பாருங்கள். ஈரமாக எண்ணெய் வழிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் கசிவு உண்டு. அவ்வெண்ணெய் டயரிலோ பிரேக்கிலோ படுமாயின் ஆபத்து இருமடங்காகும்.

மூன்றாவது, தண்டு துருவேறிக் குழி விழுந்துள்ளதா, சுருள்வில் உடைந்துள்ளதா, மேலும் கீழும் உள்ள காதுகளின் இரப்பர் தேய்ந்து கிழிந்துள்ளதா என்று பாருங்கள். இரப்பர் தேய்ந்தால் பள்ளத்தில் 'டக், டக்' என்ற ஓசை கேட்கும்.

நான்காவது, சில வேளைகளில் குற்றம் அதிர்வு தாங்கியில் இராது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தின் மேற்புறத்தைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். அசைவு தெரிந்தால் சக்கரத்தின் பேரிங்கோ, சக்கரத்தைத் தாங்கும் பின்கவையின் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். அதனை விடுத்து அதிர்வு தாங்கியை மாற்றினால் பணம் வீண்.

வாங்கும் முறை

இரண்டு பக்கத்தையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். காண்டாவின் ஒரு பக்கம் நிறைவாளியும் மறுபக்கம் அரைவாளியும் தொங்கவிட்டு எவரேனும் நேராக நடக்க இயலுமா? புதியது ஒரு பக்கமும் தளர்ந்தது மறுபக்கமும் இருந்தால் வண்டியும் அவ்வாறே நடக்கும்.

வண்டியின் பெயரையும் ஆண்டையும் கடையில் தெளிவாகக் கூறுங்கள். இயலுமாயின் பழையதன் நீளத்தை வண்டியிலேயே அளந்து எழுதிக்கொண்டு செல்லுங்கள். மேற்காதின் துளை நடுவிலிருந்து கீழ்க்காதின் துளை நடுவரை உள்ளதே அந்நீளம். வண்டி நடு ஸ்டாண்டில், சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில் அளக்க வேண்டும். சுமையில் அமுங்கிய நிலையில் அளந்தால் கணக்குப் பிழைபடும். நீளத்தோடு துளையின் அகலத்தையும், கீழ்முனை வளையமா, கவட்டையா என்பதையும் பாருங்கள்.

பின்பகுதி உயர்ந்து அழகாகத் தோன்ற வேண்டும் என்று இளைஞர் சிலர் நீளமானதை வாங்குகின்றனர். பின்புறம் உயர்ந்தால் கைப்பிடியின் நிலைத்தன்மை குறையும். சங்கிலியின் தளர்வு மாறும். முன்விளக்கின் ஒளியும் தரையை நோக்கித் தாழும். இருளில் வேலைக்குச் செல்பவருக்கு இது பெருந்தீங்கு. குட்டையானதை மாட்டினாலோ, ஆள் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசும். வண்டி பிறந்தபொழுது இருந்த நீளமே அதற்குரிய நீளம்.

தேவைப்படும் கருவிகள்

நட்டுகளுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் அல்லது சாக்கெட். சிறு வண்டிகளில் பெரும்பாலும் 12, 14, 17 மில்லிமீட்டர் அளவுகள் போதும். துருவை இளக்கும் எண்ணெய், கம்பித் தூரிகை, சிறிது கிரீஸ், பழந்துணி, ஓரிரு பலகைத் துண்டுகள், ஓர் அளவுநாடா. இவ்வளவே. அளவு பொருந்தாத ஸ்பேனரும் குறடும் நட்டின் முனைகளை மழுங்கச் செய்துவிடும். பின்னர் பட்டறைக்காரராலும் அதனை எளிதில் கழற்ற இயலாது.

மாற்றும் முறை

முந்திய நாள் மாலையிலேயே நான்கு நட்டுகளையும் தூரிகையால் தேய்த்து மண்ணை நீக்கி, துருவிளக்கும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள். எண்ணெய் இரவெல்லாம் ஊறித் தன் வேலையைச் செய்யும். பிரேக்கின் மீது அது படாதவாறு துணியால் மறையுங்கள்.

மறுநாள் வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மண்தரையாயின் ஸ்டாண்டின் அடியில் அகலமான பலகை வையுங்கள். இயந்திரமும் புகைக்குழாயும் ஆறியிருக்க வேண்டும். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

இப்பொழுது முதன்மையான விதி: ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்ற வேண்டும். மறுபக்கம் பூட்டியிருக்கும்வரை பின்கவை தன் இடத்தை விட்டு அகலாது. துளைகளும் ஏறத்தாழ நேராகவே நிற்கும். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் சக்கரம் கீழே தொங்கிவிடும்.

புகைக்குழாய் இல்லாத பக்கத்தில் தொடங்குங்கள். கைக்கு இடம் தாராளமாக இருக்கும். சக்கரத்தின் அடியில் பலகைத் துண்டைச் செருகி, சக்கரத்தின் எடையை அது தாங்கிக்கொள்ளுமாறு செய்யுங்கள். மேல் நட்டையும் கீழ் நட்டையும் முதலில் தளர்த்துங்கள். பின்னர் கீழ் நட்டைக் கழற்றுங்கள். அதன் பின்னர் மேல் நட்டு. வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன, எந்தப் பக்கம் வெளியே நோக்கியிருந்தது என்பதனைக் கவனித்து, அதே வரிசையில் துணியின் மீது அடுக்கி வையுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் நினைவுத் தவறுக்கு இடமில்லை.

பழையதை இரு கைகளாலும் பிடித்து மெல்ல அசைத்து வெளியே இழுங்கள். வராவிடில் மரக்கட்டையை இடையில் வைத்துத் தட்டுங்கள். சுத்தியலால் நேரே ஓங்கி அடித்தால் தண்டின் மரை சிதைந்துவிடும்.

கழற்றிய பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அளவுநாடாவால் அளந்து பாருங்கள். நீளம் பொருந்தாவிடில் வேலையை அங்கேயே நிறுத்திப் பழையதை மாட்டிவிட்டுக் கடைக்குத் திரும்புங்கள். பட்டணத்திற்கு மீண்டும் செல்ல வேண்டுமே என்று சலிப்படையாதீர்கள். நாம் சலிப்படைந்ததன் விலையை முன்னரே கூறினோம்.

புதிய அதிர்வு தாங்கி நெடுநாள் படுத்த நிலையில் கிடந்திருக்கலாம். அதனை வண்டியில் நிற்கும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்துச் சில முறை அமுக்கிவிட்டால் உள்ளே எண்ணெய் தன் இடத்தை அடையும். மேல் கீழ் என்ற வேறுபாடும், சிலவற்றில் இடம் வலம் என்ற குறியும் உண்டு; பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் தண்டுகளைத் துடைத்துத் துருவை நீக்கி, மெல்லிய கிரீஸ் பூசுங்கள். இரப்பரின் மீது கிரீஸ் வேண்டா. அது இரப்பரைக் கெடுக்கும். முதலில் மேற்காதை மாட்டி நட்டைக் கையால் திருகுங்கள். பிறகு கீழ்க்காது. துளை சற்று விலகி நின்றால் பலகையைச் சிறிது உயர்த்தியோ தாழ்த்தியோ சக்கரத்தை நகர்த்துங்கள். சிறிதளவு நகர்த்தினாலே பொருந்த வேண்டும். மிகுந்த வலிமை தேவைப்பட்டால் ஏதோ பிழை உள்ளது என்று பொருள். நட்டை முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே திருகுதல் வேண்டும். ஸ்பேனரால் தொடங்கினால் மரை குறுக்கே ஏறிவிடக்கூடும்.

ஒரு பக்கம் முடிந்ததும் அதன் நட்டுகளை ஓரளவு இறுக்கிவிட்டு மறுபக்கத்தையும் இவ்வாறே மாற்றுங்கள். இரண்டும் முடிந்த பின்னர் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவரை இருக்கையில் அமரச் செய்து, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அதன் பிறகு நான்கு நட்டுகளையும் முழுமையாக இறுக்குங்கள். இறுக்கத்தின் அளவு வண்டிக் கையேட்டில் உண்டு. ஸ்பேனரின் முனையில் குழாயை மாட்டி மிதித்து இறுக்கினால் மரை அறுந்துவிடும்.

சுருள்வில்லின் அடியில் படிப்படியான வளையம் இருப்பின், அது சுருள்வில்லின் முன்னழுத்தத்தை மாற்றுவதற்கு உரியது. சுமை ஏற்றிச் செல்பவர் ஒரு படி உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும்.

முடித்த பின்னர்

சங்கிலியின் தளர்வைப் பாருங்கள். பின்பிரேக் மிதி சரியாக இயங்குகிறதா, டயர் எங்கேனும் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பின்னர் தலைக்கவசம் அணிந்து, தனியாக, மெதுவாக, லயத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு முதலே தலைக்கவசம் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தோட்டத்துச் சடக்குக்கு அது தேவையில்லை என்று எண்ணுவோர் விழும்பொழுது செம்மண்ணும் கல்தான் என்பதை அறிவர். பிள்ளையைப் பின்னால் அமர்த்துவது அந்தச் சோதனைக்குப் பிறகே. ஒரு வாரம் சென்ற பின்னர் நான்கு நட்டுகளையும் மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

செய்யத் தகாதவை

பழைய அதிர்வு தாங்கியைப் பிரிக்க முயலாதீர்கள். சுருள்வில் அமுக்கப்பட்ட நிலையில் உள்ளது. விடுபட்டால் முகத்தில் பாயும். சிலவற்றில் வாயுவும் அழுத்தத்தோடு அடைக்கப்பட்டுள்ளது. துளையிடுதல், நெருப்பில் இடுதல் கூடவே கூடாது. எண்ணெயோடு கூடிய அதனைக் கால்வாயில் எறியாமல் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிடுங்கள்.

யமஹா 135 எல்சி போன்ற சில வண்டிகளில் நடுவில் ஒரே ஓர் அதிர்வு தாங்கி உண்டு. அதனைக் கழற்றினால் பின்கவையைப் பிடித்து நிறுத்த வேறெதுவுமில்லை. வண்டியின் உடலைத் தனியே தாங்கி நிறுத்தும் வசதியும் பழக்கமும் இல்லாதவர் அதனைப் பட்டறைக்கே கொண்டு செல்லுதல் நலம். அவ்வாறே, பின்கவை வளைந்திருந்தாலோ, தண்டு பொருத்தப்பட்ட இடத்தில் விரிசல் தெரிந்தாலோ, அதுவும் வீட்டு வேலையன்று. நம்மால் இயன்றது எது, இயலாதது எது என்று பிரித்தறிவதும் தொழில் திறமையின் ஒரு பகுதியே.

முடிவுரை

அன்பர்களே, பட்டறைக் கூலியை மிச்சப்படுத்துவது நல்லதே. ஆனால் கூலியை மிச்சப்படுத்தலாம், அளவை மிச்சப்படுத்தலாகாது. தமையனாரின் மணிக்கட்டு கூடிவிட்டது. அவர் மீண்டும் பால் வெட்டச் சென்றார். அன்று விழுந்த குழந்தை வளர்ந்து இன்று தாயாகிவிட்டாள். ஆயினும் மழைக்காலம் வந்தால் அக்கை வலிக்கும் என்று தமையனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனைக் கேட்ட ஒவ்வொரு முறையும் நம் கருவிப் பெட்டியில் அளவுநாடா இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொண்டோம். இன்றும் அப்பழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

இப்பொழுது அனைவரும் வெளியே செல்லுங்கள். அவரவர் வண்டியின் இருக்கையை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஆடும் வண்டி எதுவாயினும் அதன் அருகில் நில்லுங்கள். அளவுநாடாவுடன் நாமும் வருகிறோம்.